மேல் குரல்

வகுப்பு முடிந்த பிறகும் ஜெயகிருஷ்ணன் எழுந்திருக்கவில்லை. பியானோவின் முன்னால் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த காலண்டரைப் பார்த்தபடி பேசினார்.

"டீச்சர், ஒன்னு வாசிச்சுக் காட்டட்டுமா? நீங்க குடுத்ததில்ல. நானா எடுத்தது."

இந்துஜா ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். அடுத்த வகுப்புக்கு வர வேண்டிய பிள்ளைகள் இன்னும் வரவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசிங்க அண்ணாச்சி. என்ன பாட்டு?"

அவர் கையைத் தூக்கிக் கட்டைகளின்மேல் வைத்தார். முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஷோப்பான் பியானோவுக்கென்று எழுதிய பலாட்களில் ஒன்று. சென்னையில் அவள் படித்த இசைப் பள்ளியில் கடைசி வருட மாணவர்கள் தொடுவதற்குத் தயங்கிய துண்டு. கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில், மாடியில் வாடகைக்கு எடுத்த இந்த அறையில், ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் நாற்பத்தெட்டு வயது மனிதர் அதை வாசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கம் வாசித்து நிறுத்தினார். முன்கையில் வியர்த்திருந்தது.

"இதுக்கு மேல தெரியாது. எப்படி டீச்சர்? இதுக்கு நான் ரெடியா?"

இந்தக் கேள்வியை இந்துஜாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் சென்னையை விட்டு ஊருக்கு வந்து, இந்த வகுப்பை ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிவிட்டது. வருகிற பிள்ளைகள் எல்லாம் கீபோர்டு கற்றுக்கொள்ள வருபவர்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு பாட்டு, லண்டன் பரீட்சையில் ஒன்றிரண்டு கிரேடு, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு வந்ததும் அம்மாக்கள் நிறுத்திவிடுவார்கள். ஜெயகிருஷ்ணனும் முதலில் தன் மகளைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார். மகள் சில மாதத்தில் அலுத்துப்போய் நின்றுகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் தனியாக வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அவ வரமாட்டாளாம் டீச்சர். நான் உக்காரட்டுமா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த மகள் இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். இவர் ஞாயிறு தவறாமல் வருகிறார். மதுரையில் பரீட்சை நடக்கும்போது, சீருடை போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் சட்டையை டக்கின் செய்துகொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

"எத்தன நாளா இதப் பழகுதீங்க?"

"பொங்கலுக்கு முந்தி ஆரம்பிச்சேன். வீட்டுல கீபோர்டுல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு. வீட்டுக்காரிக்கும் தொந்தரவு இல்ல பாருங்க."

இந்துஜா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கூடப் படித்த ஒருத்தி, ஆசையாலும் ஆசிரியரின் அவசரத்தாலும் இப்படி ஒரு பெரிய துண்டை முன்கூட்டியே எடுத்து, மணிக்கட்டு நரம்பு வீங்கி, கடைசியில் பியானோவையே விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் கை கட்டுப்போட்டுக் கிடந்தது இந்துஜாவின் மனதில் இன்னும் இருந்தது. அதனால் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சோதித்தாள்.

பாதி வேகத்தில் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். வேகத்தில் மறைந்திருக்கும் தடுமாற்றம் வேகத்தைக் குறைத்து வாசிக்கும்போது வெளியே வரும். அவருக்கு வரவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, "இங்கன இருந்து" என்றாள். யோசிக்காமல் எடுத்தார். இடது கையை மட்டும், தாளைப் பார்க்காமல் வாசிக்கச் சொன்னாள். அதுவும் வந்தது. பல கட்டைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தும் பெரிய கார்டுகள் வரும் இடம் முடிந்ததும் கையை அப்படியே தொங்கவிடச் சொல்லிப் பார்த்தாள். கை இறுகியிருக்கவில்லை, துணி மாதிரித் தளர்வாகத் தொங்கியது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இப்ப அந்த மேல் குரல மட்டும் கேக்கணும் எனக்கு. பாடுத மாதிரி. அடிக்காம, சத்தத்தக் கொறச்சு, மெதுவா."

வாசித்தார். விரல்கள் சரியான இடத்தில்தான் விழுந்தன. ஆனால் சுண்டுவிரலில் வரும் மெட்டு ஆணி அடிப்பதுபோல வந்தது. மூச்சில்லை, ஏற்ற இறக்கமில்லை. மெட்டு உச்சிக்குப் போகப் போக இன்னும் கூர்மையாக, இன்னும் பலமாக விழுந்தது.

"இன்னும் மெதுவா அண்ணாச்சி."

மறுபடியும் அதேதான்.

இதை அவள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சின்னச் சின்னத் துண்டுகளில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, போகப்போக வந்துவிடும் என்று விட்டிருந்தாள். ஆனால் இந்த மாதிரி இசையில் அதுதான் எல்லாமே. மேல் குரல் பாடவில்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

"விரல் ரெடி அண்ணாச்சி. நெசமாவே சொல்லுதேன், நான் நெனச்சத விட நல்லா ரெடி," என்றாள். "ஆனா சத்தம் இன்னும் உங்க கைக்குள்ள வரல. இதுக்கு இன்னும் ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆகும். அதுக்குள்ள வேற சிலத முடிச்சிருவோம்."

"சரி டீச்சர்."

முகம் மாறாமல்தான் சொன்னார். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது வழக்கமாக "வாரேன் டீச்சர்" என்பார். அன்றைக்கு மறந்துவிட்டார்.

*

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தபோது, மில்லில் ஆள் பற்றாக்குறை, ஓவர்டைம் என்றார். போனில் ரொம்பச் சத்தமாகப் பேசினார். பின்னால் மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

இந்துஜாவுக்கு உறுத்தலாக இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இரண்டு வருடம் என்றால் அது ஒன்றுமில்லை. வாரம் முழுக்க ஷிப்டு பார்த்துவிட்டு வருகிற மனிதரிடம் அதே வார்த்தையை அவள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! ஆனாலும் சொன்னதில் தவறு எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் வாசித்தது அப்படித்தான் இருந்தது.

அதற்கும் அடுத்த வாரம் வந்தார். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தார். வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க மெதுவா, மெதுவாங்கிறீங்க. நான் மெதுவாத்தான் வாசிக்கேன். இதுக்கு மேல மெதுவா வாசிச்சா அந்த எடத்துல பாட்டே இல்ல. ஒன்னுமே வரமாட்டேங்குது. உங்க பியானோவுல மேல் பக்கம் கொஞ்சம் மங்கிப்போச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பழசுல்லா?"

பியானோ பழசுதான். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டிலிருந்து வாங்கியது. கரிசல் காட்டு வெயிலில் பலகை வெடித்துவிடக் கூடாதென்று கோடையில் அவள் அதன் பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைப்பாள். ஆனால் சென்ற மாதம்தான் மதுரையிலிருந்து ஆள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போனார். மேல் பக்கம் மணி மாதிரி இருந்தது.

"சரி, நீங்க அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றாள். "நான் ஒரே வரிய ரெண்டு தடவ வாசிக்கேன். எதுல மேல் குரல் நல்லாப் பாடுதுன்னு சொல்லுங்க."

முதல் தடவை அவர் வாசிப்பதுபோலவே அடித்து வாசித்தாள். இரண்டாம் தடவை தனக்குத் தெரிந்தவரை அழகாக, நூல் இழுப்பதுபோல வாசித்தாள்.

"மொதல்ல வாசிச்சதுதான் டீச்சர். ரெண்டாவதுல மேல ஒன்னுமே இல்லையே. கீழ இருக்கதுதான் கேட்டுச்சு."

கிண்டல் செய்கிறாரோ என்று ஒரு நொடி நினைத்தாள். அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார், முகத்தில் சிரிப்பில்லை. இந்துஜா வலது கையை மெல்ல மேலே நகர்த்தினாள். ஒவ்வொரு கட்டையாக, மென்மையாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசி வரிசைக் கட்டைகளுக்கு வந்து, அதே மென்மையில் ஒரு சின்ன மெட்டை வாசித்தாள். தாலாட்டு மாதிரி ஒன்று. முடித்துவிட்டு மறுபடியும் வாசித்தாள்.

அவர் திரும்பாமல் நின்றார். பிறகு, பொறுமையாக, "வாசிங்க டீச்சர். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

இந்துஜாவின் கை அப்படியே நின்றது.

"நான் வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி."

அவர் திரும்பினார். அவள் கை இருக்கும் இடத்தைப் பார்த்தார். அவள் அவர் கண்முன்னாலேயே அந்தக் கட்டையை மறுபடி அழுத்தினாள். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். கட்டை கீழே போய் மேலே வருவது தெரிந்தது. காதைப் பியானோவின் பலகைமேல் வைத்துப் பார்த்தார்.

"டொக்குன்னு மரம் இடிக்கது கேக்குது," என்றார். "வேற ஒன்னும் கேக்கல."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தக் கட்டையைத் தானே ஒருமுறை பலமாக அடித்தார். "ம். இப்ப கேக்குது. அடிச்சாத்தான் கேக்குது," என்றார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் இந்துஜா எழுந்துபோய், அன்றைக்கு வகுப்பில்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு வந்தாள்.

"இருபத்தெட்டு வருசம் டீச்சர்," என்றார் அவர். "ஐ.டி.ஐ. முடிச்ச கையோட புதூர்ல இருந்து வந்தவன். நூல் நூக்குத ரிங் ஃபிரேம் செக்சன்லயே கெடந்துட்டேன். காதுல மாட்டச் சொல்லி அடைப்பான் குடுப்பாவ. மாட்டுனா பக்கத்துல நிக்கவன் பேசுதது கேக்காது, சூடா வேற இருக்கும். கழத்தி பையில போட்டுருவேன். எல்லாருமே அப்படித்தான்." காதைத் தடவிக்கொண்டார். "வீட்டுல குக்கர் விசில் அடிச்சாத் தெரிய மாட்டேங்குது. கொசு வந்து கடிச்ச பொறவுதான் தெரியும். நான் அதெல்லாம் ஒரு வெசயமா நெனைக்கல."

*

காது மூக்கு தொண்டை டாக்டர் அப்துல் சுபஹானின் கிளினிக்குக்கு ஜெயகிருஷ்ணன் மனைவியோடு போனார். இந்துஜாவையும் வரச் சொல்லியிருந்தார். டாக்டர் பேசுகிற இசை விஷயம் ஏதாவது தனக்குப் புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம்.

அவர் மனைவி காளீஸ்வரி வெளியே பெஞ்சில் இந்துஜாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு கண்ணாடி அறைக்குள் ஜெயகிருஷ்ணன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் விரல் சுறுசுறுப்பாக உயர்ந்தது. பிறகு வெகுநேரம் உயரவில்லை. ஹெட்போனில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பது, டெஸ்ட் எடுக்கும் பெண் பொத்தானை அழுத்துவதிலிருந்து வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவர் மட்டும் விரலை மடக்கிக் காத்திருந்தார்.

காளீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அடுப்படியில இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டாவ டீச்சர். நாலு தடவ கூப்பிடுவேன். கோவத்துல இருக்காவ, வேணும்னே பேசாம இருக்காவன்னு நெனச்சுக்குவேன். நானும் பேசாம இருந்துருவேன். போன வருசம் அப்படியே ஒரு வாரம் பேசாம இருந்தோம். எதுக்குன்னு அவியளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காது கேக்கலன்னு ஒரு வார்த்த தோணலையே எனக்கு."

டாக்டர் தாளில் கோடு ஒன்றைக் காட்டினார். இடது பக்கம் சமமாகப் போன கோடு, வலது பக்கம் வந்ததும் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கியிருந்தது.

"கீழ் ஸ்வரம், நடு ஸ்வரம் எல்லாம் நல்லாத்தான் கேக்குது உங்களுக்கு. உச்சத்துலதான் போயிருக்கு. மெஷின் சத்தத்துல போறது இப்படித்தான் போகும். போனது திரும்ப வராது அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லிருதேன். இனிமேயும் காத மூடாம அங்கன நின்னா இன்னும் கீழ எறங்கும். பாதுகாத்தா இதுலயே நிக்கும்."

"காதுக்கு மெஷின் வச்சா?"

"வைக்கலாம். பேச்சு நல்லாக் கேக்கும், வீட்டுல சண்ட கொறையும்." காளீஸ்வரி பக்கம் பார்த்துச் சிரித்தார். "பாட்டுக்குன்னா வேற மாதிரி. பாட்டுக்குன்னு தனியா செட்டிங் இருக்கு, ஆனாலும் தகரத்துல தட்டுன மாதிரி இருக்குன்னு நெறய பேரு சொல்லுவாங்க. வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா வாசிக்கும்போது கழத்தி வச்சிருங்க."

வெளியே வந்ததும் ஜெயகிருஷ்ணன் இந்துஜாவிடம் கேட்டார். "அப்ப ரெண்டு வருசம் பழகுனாலும் எனக்கு அது வராது. அப்படித்தான டீச்சர்?"

"ஞாயித்துக்கெழம வாங்க அண்ணாச்சி, பேசுவோம்," என்றாள்.

*

அந்த வாரம் முழுக்க இந்துஜா யோசித்தாள். முதலில் தோன்றியது, கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்பதுதான். காது இன்னும் மோசமாவதற்குள் ஆசைப்பட்டதை வாசித்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை அதையே சொன்னாள். பலாடை ஆரம்பிக்கலாம் என்று.

ஜெயகிருஷ்ணன் அவளை நேராகப் பார்த்தார்.

"போன மாசம் வேண்டாம்னீங்க. இந்த மாசம் என் கை மாறிருச்சா?"

"இல்ல."

"அப்ப பாவம் பாத்துக் குடுக்கீங்க. அது வேண்டாம் டீச்சர். பரீட்சையில பிள்ளைகளோட பிள்ளையா உக்காந்து பாஸ் பண்ணுனவன் நான். எனக்கு ரெடியா இல்லையாங்கதுதான் தெரியணும்."

அவர் சொன்னது சரி. காரணம் தெரிந்துவிட்டதால் அவர் வாசிப்பு மாறிவிடவில்லை. அதே சமயம், 'மெதுவா, மெதுவா' என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்காத ஒன்றைத் தேடச் சொன்னதுதான் என்பதும் புரிந்தது. தன் காதுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவர் அடித்திருக்கிறார்.

"எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க," என்றாள்.

அவள் செய்தது இதுதான். தன்னிடம் இருந்த தாள்களையும், சென்னைத் தோழிகள் அனுப்பியவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மெட்டு எங்கே ஓடுகிறது என்று மட்டும் பார்த்தாள். அந்தக் காலத்து இசையில் பெரும்பாலும் மெட்டு வலது கை உச்சியில்தான் இருக்கும். கடைசியில், ஷோப்பானிடமே ஒன்று அகப்பட்டது. பயிற்சிக்கென்று எழுதும் எட்யூட் வகையில் ஒன்று. ஆரம்பத்திலேயே இடது கை தனியாகப் பாடும், வயலினை விடப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள செல்லோ வாசிப்பதுபோல. வலது கை நடுவில் கார்டுகளைத் திரும்பத் திரும்ப மெல்லத் தொட்டுக்கொண்டு, மேலே அவ்வப்போது பதில் சொல்லும். நடுவில் இடது கைக்கு வெள்ளம் மாதிரிப் பெரிய ஓட்டங்கள் உண்டு. பலாடை விடச் சின்னதுதான், ஆனால் எளிதானதில்லை. டாக்டர் காட்டிய கோடு இருந்த தாளை வாங்கி வந்திருந்தாள். இடது கை மெட்டு முழுக்க அந்தக் கோடு சமமாகப் போகும் பகுதிக்குள் இருந்தது.

அவர் வந்ததும் அதை வாசித்துக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து பியானோவைப் பார்த்தார். பிறகு, "இதுல எல்லாம் கேக்குது டீச்சர்," என்றார்.

"இதுக்கு நீங்க ரெடியான்னு எனக்குத் தெரியல," என்றாள் இந்துஜா. "இடது கை ரெடி. வலது கைதான் கேள்வி. அது மெத்துன்னு இருக்கணும், இல்லன்னா பாட்டு அமுங்கிரும். மூணு மாசம் பாப்போம். வரலன்னா வரலன்னு சொல்லிருவேன்."

"அது போதும்."

வலது கைக்குக் காதை மட்டும் நம்ப முடியாது என்பதால் அவள் பியானோவின் முன்பலகையைக் கழற்றி வைத்தாள். உள்ளே சுத்தியல்கள் வரிசையாகத் தெரிந்தன. கட்டையை மிக மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் பாதி தூரம் வந்து, கம்பியைத் தொடாமல் திரும்பிவிடும். சத்தமே வராது. அதற்கு ஒரு இம்மி கூட அழுத்தினால் தொடும். அந்த இம்மியைத்தான் அவர் விரல் படிக்க வேண்டும்.

முதல் வாரங்களில் எல்லாச் சுத்தியலும் பாய்ந்து விழுந்தன. அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டே வாசித்தார், தாளைப் பார்க்க மறந்தார், திட்டு வாங்கினார். "சத்தமே வராம வாசிங்க" என்று அவள் சொல்ல, அவர் ஒரு பக்கம் முழுவதையும் ஊமையாக அழுத்திக்கொண்டு போவார். நடுவில் ஒன்று தப்பித் தவறி ஒலித்துவிடும். "ச்சே, தொட்டுட்டான்" என்பார். பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டில் ஹெட்போனைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டதாகச் சொன்னார். காளீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, வலது கைச் சத்தம் கூடிவிட்டால் அவர் தொடையில் தட்டுவாளாம். "நல்லாத் தட்டுதா டீச்சர், செவந்துபோச்சு" என்றார்.

மில்லில் எழுதிக் கொடுத்துப் பேக்கிங் செக்சனுக்கு மாற்றல் கேட்டார். உடனே கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை பெரிய காது மூடி மாட்டிக்கொண்டு ரிங் ஃபிரேமுக்குள் நடந்தார். சின்னப் பையன்கள் ஹெலிகாப்டர் ஓட்டுகிறாரா என்று கிண்டல் செய்தார்களாம். அவரோ விடாமல் அவர்களையும் மாட்ட வைத்தார்.

மூன்று மாதம் முடிந்த அன்று இந்துஜா நாற்காலியைப் பின்னால் இழுத்துப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இடது கை தரையிலிருந்து எழும்பி வருவதுபோல வந்தது. வலது கை அதன்மேல் படிந்தது. சில இடங்களில் கொஞ்சம் கனம், சில இடங்களில் ஒலியே எழாமல் சொட்டை. ஆனால் இடது கை பாடியது, அதை எதுவும் அமுக்கவில்லை.

"இதுக்கு ரெடி அண்ணாச்சி," என்றாள்.

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

*

வருடத்துக்கு ஒருமுறை அந்த அறையிலேயே பிள்ளைகளை வாசிக்க வைப்பது இந்துஜாவின் வழக்கம். பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்வார்கள், மிச்சப்பேர் படிக்கட்டில். அந்த வருடம் பிள்ளைகள் எல்லாரும் முடித்த பிறகு ஜெயகிருஷ்ணன் வந்து உட்கார்ந்தார். பெரிய மனிதர் ஒருவர் வாசிக்கிறார் என்றதும் அறை முதலில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. ஒரு குழந்தை மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தது. அவர் காதிலிருந்த மெஷினைக் கழற்றி, முன் வரிசையில் இருந்த காளீஸ்வரியின் கையில் கொடுத்தார்.

முதல் வரியிலேயே பேச்சு அடங்கியது. எத்தனை பேருக்கு அந்த இசை புரிந்தது என்று இந்துஜாவுக்குத் தெரியாது. ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினால் எப்படிக் காது கொடுப்பார்களோ அப்படிக் கேட்டார்கள். நடுவில் இடது கை பெருக்கெடுத்து ஓடும் இடத்தில் அவர் தடுக்கினார். விரல் சிக்கி, ஓட்டம் அறுந்தது. அவர் திரும்பி ஆரம்பத்துக்குப் போகவில்லை, நிறுத்தவும் இல்லை. விட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அடுத்த வரியை இடது கையால் பிடித்துக்கொண்டு மேலே போனார். முடியும்போது அந்தக் கடைசிக் கார்டுகள் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் வந்து நின்றன.

கைதட்டினார்கள். ஒரு அப்பா வந்து, "நல்லா இருந்துச்சு அண்ணாச்சி, கொஞ்சம் சோகமான பாட்டா எடுத்துட்டீங்க" என்றார். காளீஸ்வரி மெஷினை அவர் காதில் தானே மாட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பலாடைப் பற்றிக் கேட்பார் என்று இந்துஜா எதிர்பார்த்தாள். என்ன பதில் சொல்வதென்று தயாராகவும் இருந்தாள். அதில் மேல் குரலின் பெரும்பகுதி அவருக்கு மங்கலாகத்தான் வரும், அதைத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பதானால் ஆரம்பிக்கலாம், காதுக்குக் கேட்காமலேயே விரல் இப்போது அளவு தெரிந்து அழுத்துகிறது என்று சொல்ல நினைத்திருந்தாள்.

அவர் வந்து உட்கார்ந்து எட்யூடைத்தான் விரித்தார். நடுப்பக்கத்தை எடுத்து, இடது கை ஓட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்த எடம் எனக்குத் திருப்தி இல்ல டீச்சர். விரல் சிக்குனதச் சொல்லல. அதுக்கு முந்தியே, இங்கன, நான் அவசரப்பட்டுட்டேன். பாட்டு என்னய இழுத்துட்டுப் போயிருச்சு. நான்தான அத இழுக்கணும்?"

இந்துஜா தாளைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கவனித்தது சிக்கலை மட்டும்தான். அவர் சொன்ன இடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆமாம். இரண்டு வரிக்கு முன்னாலேயே வேகம் கூடியிருந்தது. அவளிடம் கேட்காமல், யாரும் சொல்லாமல், அவர் தன் வாசிப்பைத் தானே கேட்டு வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இத ஒரு மாசத்துல சரி பண்ணிருவோம்," என்றாள். "அதுக்குப் பொறவு அந்த பலாட எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவ பாவம் பாத்துச் சொல்லல."

அவர் தலையை ஆட்டிவிட்டு, "மொதல்ல இது" என்றார். இடது கையை எடுத்துக் கட்டைமேல் வைத்து, மிகவும் மெதுவாக ஆரம்பித்தார்.